எடை சரியாக இருந்தும் தொப்பை மட்டும் இருந்தால் ஆபத்தா?

கொஞ்சம் கவனிக்கத்தான் வேண்டும். எடை மெஷின் மொத்தக் கணக்கைக் காட்டும். கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று சொல்லாது. தொடையில் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தருவதில்லை. வயிற்றுக்குள், கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேர்வதுதான் இன்சுலின் வேலையைக் கெடுத்து, சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி செய்கிறது. தெற்காசியர்களுக்கு இது குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. அதனால் நமக்கு வரம்பும் குறைவு: வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

பேன்ட் சைஸை நம்பாதீர்கள், பலரும் அதைத் தொப்பைக்குக் கீழேதானே போடுகிறார்கள்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப் வைத்து அளந்து பாருங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிரஷர் மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.