ஸீனியாவுக்கு எத்தனை மில்லி?

கேள்வி: ஐயா, வேளச்சேரியில் வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். போன ஆடியில் ஸீனியா என்கிற மென்பவளம் (கல்லாய் இறுகாத பவளம்) ஒரு சின்னக் கொத்து வாங்கி நடுக்கல்லில் ஒட்டினேன். இப்போது பாதிக் கல்லை மூடிவிட்டது. பக்கத்தில் இருக்கும் லெதர் பவளம் (இதுவும் ஒரு மென்பவளம்) ஒரு வாரமாகச் சுருங்கியே கிடக்கிறது. அதே கல்லில் பட்டன் பாலிப் என்கிற, பொத்தான் போன்ற சின்னக் கடலுயிரும் கொஞ்சம் உண்டு. தினமும் அமினோ ஆசிட், பவளத் தீனி எல்லாம் தவறாமல் விடுகிறேன். கடைக்காரர், "நாய்க்குக் கொடுக்கிற பூச்சி மருந்தை ஊத்துங்க, சரியாயிடும். இல்லேன்னா கல்லை எடுத்துக் கொதிக்க வெச்சிடுங்க, நான் வேற ராமேஸ்வரம் கல்லு தர்றேன்" என்கிறார். எந்த மருந்து, எத்தனை மில்லி விட வேண்டும்?

பதில்: முதலில் அடுப்பை அணையுங்கள்.

உங்கள் கடிதம் முழுக்க ஸீனியாதான். பட்டன் பாலிப்புக்கு ஒரே ஒரு வரி. எனக்குப் பயமே அந்த ஒரு வரியில்தான். பட்டன் பாலிப் வகைகள் பலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. 1971ல் ஹவாயில் பிரித்தெடுத்தார்கள். கடல் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. கொதிநீருக்கு அது அசையாது. கல்லைக் கொதிக்க வைத்தால் ஆவியோடு கிளம்பி வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாருடைய மூச்சிலும் ஏறும். இப்படிக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் வெளிநாடுகளில் பல பேர். வாயில் உலோகக் கசப்பு, காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் என்று ஆரம்பிக்கும். கண்ணில் தெறித்தால் கருவிழியே கெடும். அந்தக் கல்லைத் தொடுவதானால் ரப்பர் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது.

இரண்டாவது, அந்த ராமேஸ்வரம் கல். அது கல்லல்ல, பவளம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. கல் பவளம் அத்தனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். மாட்டினால் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்லமாட்டார். செராமிக் கல் போதும். மூன்று நான்கு மாதத்தில் பாக்டீரியா குடியேறிவிடும்.

நாய் மருந்து என்று அவர் சொல்வது ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தாக இருக்க வேண்டும். வேலை செய்யும், பொய் சொல்லவில்லை. ஸீனியாவோடு நத்தை, நட்சத்திரமீன், மணலில் இருக்கிற புழு பூச்சி எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும். நுண்துளைக் கல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும். போதாததற்கு, பாதிக் கல் ஸீனியா ஒரே ராத்திரியில் கரைந்தால் தொட்டித் தண்ணீர் அழுகிப்போகும், மீனும் போகும். ஆகவே எத்தனை மில்லி என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: பூஜ்யம்.

கையால் எடுங்கள். ஸீனியா நடக்கும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். தண்டை வளைத்துப் பக்கத்துக் கல்லைத் தொடும், அங்கே புது அடி பிடிக்கும், பழைய அடி நூல் போல இழுபட்டு அறுந்துபோகும். இந்தக் குணத்தையே பொறியாக்கலாம். கூட்டத்தின் ஓரத்தில், வெளிச்சம் படும் பக்கமாக, கைப்பிடி அளவு சில்லுக் கற்களை முட்டக் கொடுத்து வையுங்கள். சில வாரத்தில் அதுவே ஏறி உட்காரும், கல்லோடு தூக்கிவிடலாம். மிச்சத்தைக் கல்லின் மேல்தோலோடு மெல்லிய உளியால் பெயர்க்கணும். பெயர்க்கும்போது சைஃபன் குழாயை மறு கையில் பிடித்துத் துணுக்குகளை அப்போதைக்கப்போது இழுத்துவிடுங்கள். ஒரு துணுக்கு மிதந்து பின்பக்கம் போனால், தைக்குள் அங்கே ஒரு புதுத் தோப்பு. பொந்துக்குள் இருப்பதற்குக் கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து சிரிஞ்சால் மூடுங்கள். அரை மணி நேரம் பம்பை நிறுத்தி வைக்கணும், ஒரு நாளைக்கு ஐந்தாறு தலைக்கு மேல் வேண்டாம், பிஹெச் எகிறிவிடும். அதுவும் சுண்ணாம்புதானே என்று வெற்றிலைக் கடைக்கு ஓட வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறதென்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். கேட்டிருக்க வேண்டியது வேறு: ஸீனியா ஏன் இந்த ஓட்டம் ஓடுகிறது?

நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள். வயலில் வாரம் ஒரு மூட்டை யூரியாவைக் கொட்டிவிட்டுக் கோரையைத் திட்டுகிற கதை இது. ஸீனியா வாயால் தின்பது சொற்பம். உடம்புக்குள் இருக்கும் பாசிதான் வெளிச்சத்தில் அதற்குச் சமைத்துப் போடுகிறது. அது கையை மூடி மூடித் திறக்கிறதே, அது இரை பிடிக்க என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். செங்கடலில் இதன் நெருங்கிய உறவு ஒன்றை ஆராய்ந்த இஸ்ரேல்காரர்கள் 2013ல் சொன்னது வேறு: சுற்றித் தேங்கும் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு ஒளிச்சேர்க்கையைக் கூட்டத்தான் அந்த அசைவு. தண்ணீரில் கரைந்த கழிவுச் சத்தையும் நேரே உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் தினமும் ஊற்றும் அமினோ ஆசிட் கடைசியில் நைட்ரேட்டாகித்தான் நிற்கும். மென்பவளமும் இரண்டு மூன்று மீனும் இருக்கிற தொட்டிக்கு மீன் போடும் எச்சமே தீனி. பாட்டில் தேவையே இல்லை. இதை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. "ஆரம்பக்காரருக்கு ஏற்றது" என்று ஸீனியாவை விற்பார்கள், அது வளர தீனி விற்பார்கள், வளர்ந்தபின் கொல்ல மருந்து விற்பார்கள். மூன்றுக்கும் நீங்கள் ஒரே கல்லாவில்தான் பணம் கட்டுகிறீர்கள்.

இன்றே பாட்டிலை மூடிவையுங்கள். மீன் தீனியைப் பாதியாக்குங்கள். ஊற்றும் தண்ணீரையும் சோதியுங்கள். நகரத்து போர் தண்ணீரில் நைட்ரேட் சர்வசாதாரணம், ஆர்.ஓ. மட்டும் அதை முழுக்க எடுக்காது, மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினும் வேண்டும். ஆனால் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வழித்துத் துடைத்த தொட்டியில் டைனோ என்ற நுண்ணுயிர் பழுப்புக் கோழை போலப் படரும், அதற்கு ஸீனியாவே தேவலை. நைட்ரேட் ஐந்திலிருந்து பத்து பிபிஎம்முக்குள் நிறுத்துங்கள்.

லெதர் பவளத்துக்கு வருவோம். மேலே மெழுகு பூசியது போல ஒரு பளபளப்பு தெரிகிறதா? தெரிந்தால் அது தோல் உரிக்கிறது. ஒரு வாரம், இரண்டு வாரம்கூடச் சுருங்கிக் கிடக்கும். வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்பை) கொஞ்சம் அதன் பக்கம் திருப்பினால் ஏடு கழன்றுவிடும். ஸீனியா மேல் பழி போட அவசரமில்லை. ஆனால் மென்பவளங்கள் தண்ணீரில் ரசாயனம் விட்டு ஒன்றையொன்று அமுக்கப் பார்ப்பது உண்மை. ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை போட்டு மாதாமாதம் மாற்றுங்கள்.

ஒரு கொத்து மட்டும் வேண்டுமென்றால், மணல் நடுவில் தனிக்கல்லில் வையுங்கள், சுற்றிலும் ஒரு சாண் வெறும் மணல். மணலைத் தாண்டி அது நடப்பது அபூர்வம்.

பெயர்த்து எடுத்ததைத் தயவுசெய்து பெசன்ட் நகர் பக்கம் கொண்டுபோய்க் கடலில் 'விட்டுவிட' வேண்டாம். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியப் பசிபிக் கடலைச் சேர்ந்த, ஸீனியாக் குடும்பத்து யூனோமியா தொட்டி வியாபாரம் வழியாக வெனிசுவேலாவுக்குப் போய், மோச்சிமா தேசியப் பூங்காவில் உள்ளூர்ப் பவளங்களை மூடிக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்திலேயே, வளர்ப்புக்கென்று கொண்டுவந்த காப்பாஃபைகஸ் கடற்பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்கள் மேல் ஏறியதை 2008ல் எழுதினார்கள். வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள், செத்துவிடும். பிறகு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பட்டன் பாலிப் ஒட்டிய துண்டு எதுவும் அந்த வாளிக்குள் போகக் கூடாது.