சயாட்டிகா வலிக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்?

கீழ் முதுகிலிருந்து புட்டம், பின்தொடை வழியாகப் பாதம் வரை ஓடும் தடித்த நரம்பு எரிச்சலடைவதால் வரும் வலிதான் சயாட்டிகா. பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரை உறுத்துவதே காரணம். வாசலில் அழுத்தும் அழைப்பு மணி வீட்டுக்குள் ஒலிப்பதுபோல, முதுகில் உறுத்தினால் கெண்டைக்காலில் வலிக்கும். காலுக்கு மட்டும் தைலம் தேய்த்துப் பயனில்லாமல் போவது இதனால்தான்.

முதலில் 2 நிமிடம் குப்புறப் படுங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துங்கள். இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். 10 முறை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. இதில் கவனிக்க வேண்டியது வலி நகரும் திசை. காலிலிருந்து முதுகை நோக்கி ஏறினால், முதுகு சற்றுக் கூடுதலாக வலித்தாலும் நல்லதுதான். பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்துங்கள். நடந்தால் வலித்து, குனிந்து உட்கார்ந்தால் குறைகிற முதியவர்களுக்கு இது ஒத்துவராது; அவர்கள் மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுக்கலாம்.

காலை நீட்டிக் குனிந்து விரலைத் தொட முயல்வதுதான் பலரும் செய்யும் தவறு. உறுத்தப்பட்ட நரம்பை அது மேலும் இழுக்கும். அரை மணிக்கொரு முறை எழுந்து நடங்கள், பின்பாக்கெட் பர்ஸை எடுத்துவிடுங்கள், ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கிடையே தலையணை வையுங்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க வராவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முழு ஓய்வில் படுத்தே கிடந்தால் குணமாகும் என்பது தவறு. ஓரிரு நாளுக்கு மேல் படுத்தால் தசை இறுகி, மீள்வது தாமதமாகும்.