கிம்ப்பில் வரைந்த எவர்சில்வர் டம்ளரில் ஏன் பளபளப்பு வரவில்லை?

கிம்ப் என்ற பட எடிட்டிங் மென்பொருளில் நீங்கள் வரைந்த டம்ளர் சாம்பல் நிறக் குழாய் மாதிரி இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இடமிருந்து வலமாக ஒரே சீராக நிறம் மாறுவதுதான் காரணம். எவர்சில்வர் தன்னைச் சுற்றியுள்ள ஜன்னலையும் சுவரையும் பிரதிபலிக்கிறது. டம்ளரின் வளைவில் அந்தப் பிம்பங்கள் ஒடுங்கி, செங்குத்தான பட்டைகளாகத் தெரியும்.

புது லேயரில் (படத்தின் தனி அடுக்கில்) செவ்வகம் ஒன்றைத் தேர்வு செய்து, ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றம் தரும் கிரேடியன்ட் கருவியைக் குறுக்காக இழுங்கள். கிம்ப் 2.10 பதிப்பிலிருந்து, இழுக்கும்போது வரும் கோட்டின் மேலேயே கிளிக் செய்து நிறங்களைச் சேர்க்கலாம். முக்கியமான இடம் இதுதான்: தூய வெள்ளைக்கு ஒட்டினாற்போலவே கருஞ்சாம்பல் வரவேண்டும். நடுவில் மெதுவான மாற்றம் கொடுத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும். இரண்டு ஓரங்களிலும் மெல்லிய வெளிர்கோடு விடுங்கள்; டம்ளரின் உருண்ட வடிவம் நன்றாகத் தெரியும்.

அப்புறம் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் அடிப்பக்கத்தைச் சற்றுக் குறுக்குங்கள். நிறத்தை முதலிலேயே போட்டுவிட்டதால் பட்டைகளும் சேர்ந்தே சரியும்.

வாய்க்குத் தனி லேயரில் ஒரு நீள்வட்டம். உட்பக்கம் என்பதால் வெளிச்சமும் நிழலும் இடம் மாற வேண்டும். கீழ் மூலைகளை அழித்து அடியையும் வளைவாக்குங்கள், நேர்கோடாக விட்டால் டம்ளர் தட்டையாகத் தெரியும்.