அம்மாவை இப்போதே ஊரைவிட்டுக் கிளப்ப வேண்டாம்

அப்பா போய் இரண்டு மாதம்தான் ஆகிறது, 74 வயது அம்மா கும்பகோணம் வீட்டை விட்டு வர மறுக்கிறார், அண்ணனோ வீட்டைப் பூட்டிச் சென்னைக்கு அழைத்து வரச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா தானே சமைத்து, கடைக்குப் போய்வந்து, மறதி இல்லாமல் இருக்கிறார் என்றால் அங்கேயே இருக்கட்டும். கணவரை இழந்த கையோடு தெருவையும் பக்கத்து வீட்டாரையும் இழக்க வைப்பது ரொம்பக் கொடுமை.

எனக்குக் கவலை, அவர் கீழே விழுவது பற்றித்தான். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடமாட்டம் திரும்புவது கடினம். முதல் வேலையாகக் குளியலறைச் சுவரில் உறுதியான கைப்பிடி போடுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். தூக்க மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ தலைசுற்ற வைக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு சாவி எதிர்வீட்டில் இருக்கட்டும்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர் என்பதால், குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். கேட்டுக்கொண்டால் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுத்துப் பதிவு செய்வார். வீட்டைப் பெயர் மாற்றும் பேச்சை இப்போது எடுக்காதீர்கள்.

அப்புறம், நீங்களும் அப்பாவை இழந்தவர்தான். "மாத்திரை போட்டியாம்மா" என்பதோடு போனை வைக்காமல் அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். இருவரும் அழுதாலும் பரவாயில்லை. ஆனால் அம்மா வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாலோ, "நானும் போய்ச் சேரணும்" என்று சொன்னாலோ தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவித் தொலைபேசி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.