நெதர்லாந்துக் கால்பந்து மேதை யோஹான் க்ரைஃப் பெரிய ஆட்டக்காரரா, பெரிய பயிற்சியாளரா?

ஆட்டக்காரராக அவர் சாதித்ததே ஓர் ஆயுளுக்குப் போதும்: நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியோடு 1971, 72, 73 என வரிசையாக மூன்று ஐரோப்பியக் கோப்பைகள் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்); அதோடு, ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது மூன்று முறை. ஆனாலும் என் ஓட்டு பயிற்சியாளர் க்ரைஃபுக்குத்தான்.

1988இல் அவர் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது, ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பில் வீரர்கள் நிர்வாகத்தோடு மோதி, அணி சிதறிக் கிடந்தது. பயிற்சியில் அவருக்கு உயிர் ரோண்டோ. சிலர் வட்டமாக நின்று பந்தை ஒரே தொடுதலில் தட்டிவிட, நடுவில் நிற்பவர்கள் அதைப் பறிக்கப் பாய வேண்டும். கால் வேகத்தைவிட முடிவெடுக்கும் வேகம்தான் அதில் முக்கியம். அதனால்தான் ஒல்லியான இளைஞர் குவார்டியோலாவை நம்பி நடுக்களத்தைக் கொடுத்தார். 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு ஸ்பானிய லீக் பட்டங்கள். 1992இல் வெம்ப்ளியில், ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் பார்சிலோனாவின் கூமன் அடித்த ஃப்ரீ கிக்கில் இத்தாலியின் சம்ப்டோரியா அணி வீழ்ந்தது. கிளப்புக்கு அதுதான் முதல் ஐரோப்பியக் கோப்பை. பின்னாளில் குவார்டியோலா பார்சிலோனாவின் பயிற்சியாளராகி 2009, 2011இல் அதே கோப்பையை வென்றதும் இந்தப் பாணியில்தான்.