ஆட்டுச் சுரப்பியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

"ஆட்டுச் சுரப்பியைப் பத்திப் படிச்சு என்ன சார் ஆகப்போகுது?" என்று கேட்டிருந்தீர்கள், அம்மா. கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. முடித்த மகள், முதுநிலையில் கால்நடை உடலியங்கியல் எடுத்து, செம்மறியின் சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பியில், ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகளையும் ஸ்டீராய்டு தயாரிக்கும் நொதிகளையும் ஆராயப்போகிறாளாம். பதற்றம் நியாயம்தான், தலைப்பே வாயில் நுழையவில்லை.

செம்மறியில் பிரசவ நாளைக் குறிப்பது தாயல்ல, வயிற்றிலிருக்கும் குட்டி. ஏறக்குறைய 147 நாள் சினையின் கடைசியில் குட்டியின் அட்ரினல் கார்டிசோல் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைக் கொட்ட, வலி எடுக்கிறது. 1960களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதைத் துருவியவர் மகப்பேறு மருத்துவர் லிகின்ஸ். கார்டிசோல் வகை மருந்து ஏற்றிய குட்டிகள் குறைமாதத்தில் பிறந்தும் மூச்சுவிட்டன. ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து, 1972இல் முடிவை வெளியிட்டார். இன்று குறைமாத வலியோடு வரும் பெண்ணுக்கு குழந்தையின் நுரையீரல் முதிர நம்மூர் அரசு மருத்துவமனையில் போடும் டெக்சாமெத்தசோன் ஊசிக்கு வேர் அந்த ஆடுகள்தான்.

குட்டியின் அட்ரினலில் கார்டிசோல் தயாரிக்கத் தேவையான சிஒய்பி17 என்ற நொதி நடுச்சினையில் அடங்கிக் கிடந்து, கடைசி நாட்களில் ஏறுகிறது. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலைத் தூண்ட அனுப்பும் ஏசிடிஎச் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பியும் அப்போது கூடுகிறது. உங்கள் மகள் அளக்கப்போவது இந்த மாதிரி விஷயங்களை.

அதற்கு விடியற்காலையில் ஆடு அறுக்குமிடம் போக வேண்டியிருக்கும். சிறுநீரகத்தை ஒட்டிய கொழுப்பைக் கிளறி, பெரிய மொச்சைக்கொட்டை போன்ற சுரப்பியை எடுத்து, எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ. சிதையுமுன் திரவ நைட்ரஜனில் போட வேண்டும். மணக்கும், சொல்லிவிடுகிறேன். ஆனால் பிறகு கற்கும், மரபணுத் துணுக்கைப் பெருக்கி அளக்கும் பிசிஆரும் திசுச் சாயமேற்றலும் நோயறிதல் ஆய்வகத்துக்கும் வேண்டும், தடுப்பூசி நிறுவனத்துக்கும் வேண்டும். என் கணக்கில் தலைப்பைவிடக் கைப்பழக்கம்தான் சம்பளம் வாங்கித்தரும்.

உடனே சம்பளம் வேண்டுமென்றால் இது சுற்றுவழி, மறைக்கவில்லை. ஆனால் பி.வி.எஸ்சி. கையில் இருக்கிறது, டிஎன்பிஎஸ்சி கால்நடை உதவி மருத்துவர் தேர்வை அறிவிப்பு வரும்போது எழுதலாம். வெறும் விலங்கியல் பட்டம் என்றால் நானே தயங்கியிருப்பேன்.

கையெழுத்துப் போடுமுன் மகளை வழிகாட்டிப் பேராசிரியரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். உதவித்தொகை மாதாமாதம் வருமா? பிசிஆர் இயந்திரம் ஓடுகிறதா, துணிபோட்டு மூடியிருக்கிறதா? இதற்கு முன் இங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவதற்கு மழுப்பினால் என்னைக் கூப்பிடுங்கள், வேறு துறை பார்ப்போம்.