அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு அணியின் பெயரை ஏன் மாற்றுகின்றன?

அணிப் பெயர் என்பது கல்லூரியின் பெயரோடு ஒட்டிவரும் பட்டப்பெயர். ரசிகர்கள் கத்துவதும் சட்டையில் அச்சாவதும் அதுதான். பூர்வகுடி மக்களின் பெயரையோ உருவத்தையோ எடுத்துக்கொண்ட அணிகளில்தான் சிக்கல் பெரிதாகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 1972லேயே 'இந்தியன்ஸ்' (அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறிக்கும் பழைய சொல்) என்ற பெயரைக் கைவிட்டது. இழிவுபடுத்துவதாகக் கருதப்படும் பெயர், சின்னங்களோடு தனது சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடக்கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ 2005இல் அறிவித்தது.

வகுப்பில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டு, 'பாசமாகத்தானே கூப்பிடுகிறோம்' என்கிறோம். அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டோமா? என் பார்வையில் முழு விவாதமும் இந்தக் கேள்விதான். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 'செமினோல்ஸ்' பெயரை இன்றும் வைத்திருப்பதற்குக் காரணம், புளோரிடா செமினோல் மக்களே ஆதரித்தது. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் 'ஃபைட்டிங் சூ' (சூ என்பது ஒரு பூர்வகுடி மக்களின் பெயர்) பெயருக்கோ தேவையான இரு பூர்வகுடிகளின் ஒப்புதலும் சேர்ந்து கிடைக்கவில்லை. 2012இல் அது விடைபெற்றது.

பழைய மாணவர்களின் வலியும் உண்மையானது; அந்தப் பெயரோடுதான் அவர்களின் இளமை இருக்கிறது.

பெயர் போனால் அணியின் பெருமையும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வடக்கு டகோட்டா 2015இல் 'ஃபைட்டிங் ஹாக்ஸ்' ஆனது, 2016இல் தேசிய ஐஸ் ஹாக்கிப் பட்டத்தை வென்றது.